காவேரிப்பட்டினத்திலிருந்து கடலுக்கு: தனிப் படகு, மீன் வறுவல், பிள்ளைகளுக்குக் குளியல் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாந்தோப்பு (காவேரிப்பட்டினம்)

வணக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் குடும்பத்தோடு கடல் பக்கம் போவதாக முடிவாகியிருக்கிறது. பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 14 பேர். கிளம்புவதற்குக் காரணமே அம்மாதான். அவருக்கு 68 வயது. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் தென்பெண்ணைக் கரையில். இந்த ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மச்சான் ஒரு ஏஜென்டிடம் போனில் பேசியிருக்கிறார். படகு முழுக்க நமக்கு மட்டும், வெளியாள் யாரும் ஏறமாட்டார்கள். மூன்று மணி நேரம். இறால், நெத்திலி, கணவாய் எல்லாம் படகிலேயே சூடாகப் பொரித்துத் தருவார்களாம். நடுவில் ஒரு இடத்தில் இன்ஜினை நிறுத்துவார்களாம், பிள்ளைகள் குதித்துக் குளிக்கலாமாம். பாதிப் பணம் முன்பணம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஒரு ஃபைபர் படகு, மேலே துணிப் பந்தல், இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் கடல் பழக்கம் இல்லை. பையன்கள் தோட்டத்துக் கிணற்றில் நீந்துவார்கள், அவ்வளவுதான். கடலூரா, புதுச்சேரியா, எது தோது? நடுக்கடலில் குளிப்பது சரிப்படுமா? பணம் அனுப்புவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

---

அரூர் வண்டி

சார், ரோடு பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உங்களுக்குப் போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை. அங்கிருந்து புதுச்சேரி என்றால் செஞ்சி, திண்டிவனம் வழி. கடலூர் என்றால் திருக்கோவிலூர், பண்ருட்டி வழி. எப்படிப் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. பிள்ளைகள், பெரியவர்களோடு நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம், பௌர்ணமி பார்த்துத் தேதி குறியுங்கள். கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும்.

---

பென்னாகரம் பரிசல்

மாந்தோப்பு அண்ணா, நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் சவாரி, மீன் வறுவல், குளியல் மூன்றும்தான் வேண்டும் என்றால் அதற்கு ஐந்து மணி நேரம் எதற்கு? ஒகேனக்கல் பக்கத்திலேயே இருக்கிறதே.

காலையில் போய் கட்லாவோ வாளையோ வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டால் போதும். எண்ணெய், மிளகாய்த்தூள், புளி, தேங்காய் என்று ஒரு சீட்டு எழுதித் தருவார்கள், அதைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான். நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசல் ஏறி, பாறைச் சந்துக்குள் ஒரு சுற்று போய்விட்டு வருவதற்குள் குழம்பும் கொதித்திருக்கும், வறுவலும் தட்டில் இருக்கும். விறகடுப்பில் வைத்த அந்தக் குழம்பின் ருசி வீட்டில் வராது.

எங்கள் மாமா பரிசல் ஓட்டுகிறவர். அவர் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்: தண்ணீரில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். எங்களுக்குக் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அளக்கிறார்கள். அளவு ஏறினால் கலெக்டர் உத்தரவு வரும், பரிசல் நின்றுவிடும். எத்தனை ஆயிரம் பேர் வந்து நின்றாலும் நின்றதுதான். அன்றைக்கு எங்கள் வீடுகளில் வருமானம் இல்லை, இருந்தாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏற்றவும் மாட்டார்கள். உங்கள் ஏஜென்ட் படகில் அப்படிச் சொல்லக்கூடியவர் யார்? அதைக் கேட்டீர்களா?

---

மாந்தோப்பு

தம்பி, ஒகேனக்கல் எங்களுக்கு மாமன் வீடு மாதிரி, வருஷா வருஷம் வருகிறோம். ஆனால் அம்மா கேட்பது கடல். அதை மாற்ற முடியாது. நீ கேட்ட கடைசிக் கேள்வி மட்டும் மனதில் நிற்கிறது. ஏஜென்டிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

---

தாழங்குடா

ஐயா, நான் ஓசூரில் கம்பெனி வேலை. சொந்த ஊர் கடலூர் பக்கம் தாழங்குடா. உங்கள் அம்மா பார்க்க ஆசைப்படுகிற இடம் எங்கள் ஊர் ஓரம்தான். கே.ஆர்.பி. அணை, உங்கள் ஊர், சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி வருகிற தென்பெண்ணை அங்கேதான் கடலில் விழுகிறது. அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் படகு. படத்தில் இருப்பது மீன்பிடிப் படகு என்றுதான் தோன்றுகிறது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம், பதிவு எண் எழுதியிருக்கும். அது 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்பிடிக்கக் கொடுத்த பதிவு. ஆட்களை ஏற்றிக் காசு வாங்க அது போதாது. எங்கள் அப்பா, சித்தப்பா எல்லாம் அந்தப் படகில்தான் பிழைத்தார்கள், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அது வலைக்கும் மீனுக்கும் செய்தது. பாரம் அடித்தளத்தில் கிடந்தால் படகு நிலையாக நிற்கும். அதே படகில் 14 பேரை நாற்காலி போட்டு உட்கார வைத்தால், ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் 840 கிலோ. அத்தனை பாரமும் மேலே, நகரக்கூடிய பாரம். யாரோ ஒருவர் ‘அதோ டால்பின்’ என்பார். போனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். படகு கவிழப் புயல் வர வேண்டியதில்லை, இது போதும். மேலே பந்தல் வேறு. காற்று பிடித்தால் அதுவும் இழுக்கும், கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களை மூடிக்கொள்ளும்.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலாவுக்கு வந்த குடும்பத்தார் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். 2023 மே மாதம் கேரளாவில் தானூரில் போனதும் 22 பேர். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது. இரண்டும் நடுக்கடல் இல்லை, ஒன்று ஏரி, இன்னொன்று கரையை ஒட்டிய கழிமுகம். உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. ஏறும் முன் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பயணிகளை ஏற்ற உரிமம் இருக்கிறதா, எத்தனை பேர் என்று படகிலேயே எழுதியிருக்கிறதா, காப்பீடு உண்டா, பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா, எங்கிருந்து ஏற்றுவார்கள். கடைசிக் கேள்விக்கு ‘பீச்சில் இருந்தே’ என்று பதில் வந்தால், உங்கள் அம்மாவை ஏற்றவே வேண்டாம். கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது படகு தூக்கிப் போடும். பழகிய எங்களுக்கே இடுப்பு விண்ணென்று தெறிக்கும்.

நேரமும் முக்கியம். விடிந்ததும் கடல் தட்டையாகக் கிடக்கும். பத்து, பதினோரு மணிக்கு மேல் கிழக்கே இருந்து கொண்டல் எடுத்தால் அலை சிலுசிலுக்கத் தொடங்கிவிடும். நீங்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் போனால் பாதிப் பேர் வாந்திதான்.

குளியல் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

---

சிப்காட் பையன் (ஓசூர்)

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் நண்பர்கள் போன வருஷம் இதே மாதிரி தனிப் படகு எடுத்தோம். நடுக்கடலில் குதித்தோம், அரை மணி நேரம் மிதந்தோம், மேலே ஏறி நண்டு சாப்பிட்டோம். வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டால் யாரும் மூழ்கப்போவதில்லை. உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாகத் தூக்கும். கிணற்றில் நீந்துகிற பையன்களுக்குக் கடல் சுலபம்தான். இந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் செய்துவிடாதீர்கள்.

---

தாழங்குடா

தம்பி, உப்புத் தண்ணீர் தூக்கும் என்பது நிஜம். மறுக்கவில்லை. நீங்கள் போன நாள் நல்ல நாள், போனவர்களும் வாலிபர்கள். இங்கே பேசுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி.

கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் நாலு கை போட்டால் படிக்கட்டு. மூச்சு வாங்கினால் கல்லைப் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் உன்னை எங்கேயும் கொண்டுபோகாது. கடலில் மேலே எதுவும் தெரியாமல் அடியில் நீரோட்டம் ஓடும். மணிக்கு 2 கிலோமீட்டர் என்பது மெதுவான நீரோட்டம், நடக்கிற வேகத்தில் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், நிமிஷத்துக்கு 33 மீட்டர். பையன் குதித்து, முகத்தைத் துடைத்து, சிரித்து, திரும்பிப் பார்ப்பதற்குள் நங்கூரத்தில் நிற்கிற படகு ஒரு தென்னை உயரத்துக்கு மேல் தள்ளி இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவன் மூழ்க மாட்டான், சரி. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வேகமாக நீந்தவும் முடியாது. அப்பா பதறிக் குதிப்பார். படகுக்காரர் இன்ஜினைப் போட்டுத் திருப்புவார். தண்ணீரில் ஆள் இருக்கும்போது புரொப்பெல்லர் சுற்றுவதைவிடப் பெரிய ஆபத்து வேறு கிடையாது.

அப்புறம் ஏறுவது. குதிக்க ஒரு நொடி போதும். நனைந்த உடம்பைப் படகின் விளிம்புக்கு மேல் கையால் இழுத்து ஏற்றுவது பெரியவர்களுக்கே முடியாத வேலை. அதற்குத் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி வேண்டும். கடலில் ஆளை இறக்கத் தெரிந்தவர்கள் நங்கூரம் போட்டு, இன்ஜினை முழுக்க அணைத்து, ஏணியை இறக்கி, பின்பக்கம் மிதவை கட்டிய நீளமான கயிறு விட்டு, ஒரு நீச்சல்காரரை முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களை விடுவார்கள். இதெல்லாம் இருந்தால் நானே பிள்ளைகளை விடச் சொல்வேன். ஏஜென்டிடம் ‘ஏணி இருக்கிறதா’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

என் யோசனை: படகையும் குளியலையும் பிரித்துவிடுங்கள். படகில் போகும்போது படகு மட்டும். குளிக்கிற இடத்தில் குளியல் மட்டும்.

---

ஊத்தங்கரை டீச்சர்

தாழங்குடா தம்பி சொன்னது முழுக்க சரி. ஆனால் ‘தனிப் படகு’ என்று ஏன் கேட்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. பீச்சில் ஆயிரம் பேர் பார்க்க, போன் கேமராக்களுக்கு நடுவில், வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளும் மருமகள்களும் எப்படித் தண்ணீரில் இறங்குவார்கள்? ஆண்கள் குளிப்பார்கள், பெண்கள் செருப்பையும் பையையும் காத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சுற்றுலாவிலும் இதுதான் நடக்கிறது. தனிப் படகு என்றதும் வீட்டுப் பெண்களுக்கு ஆசை வருவது இதனால்தான். மாந்தோப்பு சார், உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அதனால் நான் சொல்வது புதுச்சேரி. சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை இருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கியது. அந்தச் சான்று சும்மா தருவதில்லை. உயிர்காப்பாளர் நிற்க வேண்டும், குளிக்கிற எல்லையைக் குறித்திருக்க வேண்டும், கழிப்பறை, உடை மாற்றும் இடம் வேண்டும், தண்ணீரை அடிக்கடி பரிசோதித்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வார நாளில் காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. பெண்கள் நிம்மதியாக இறங்கலாம்.

உடை பற்றி ஒன்று. நைட்டி, புடவை, துப்பட்டாவோடு கடலில் இறங்க வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றும், அலை இழுக்கும்போது எழுந்து நிற்க முடியாது. லெக்கிங்ஸும் முழங்கால் வரை உள்ள டி-ஷர்ட்டும் போதும், மரியாதையாகவும் இருக்கும்.

---

மாந்தோப்பு

டீச்சர், கேட்டேன். தங்கச்சி, ‘இத்தனை நாளாக யாராவது கேட்பீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றாள். வீட்டில் எல்லோருக்கும் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். நன்றி.

---

தருமபுரி செவிலி

உடம்பு விஷயத்தில் சிலவற்றை நான் சேர்க்கிறேன்.

குமட்டலுக்குப் படகில் ஏறிய பிறகு மாத்திரை போட்டுப் பயன் இல்லை. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், அதுவும் உங்கள் டாக்டரிடம் கேட்டு. இந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். அம்மா பிரஷர், சுகருக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் தானாக எதுவும் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்கார வையுங்கள். போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், தலைச்சுற்றல் அடங்கும்.

இறால், நண்டு, கணவாய் இதற்கு முன் சாப்பிட்டே இராத பிள்ளைகள் இருந்தால் முதல் தடவையாகப் படகில் வைத்துக் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், சிலருக்கு மூச்சு இழுக்கும். தண்ணீர் நடுவில் 108 வராது. வீட்டிலேயே ஒரு நாள் கொஞ்சமாகச் சமைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஒரு நச்சு உண்டாகும். எவ்வளவு பொரித்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலித்து, படபடக்கும். பொரித்த பண்டத்தை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துச் சாப்பிட வேண்டாம்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும், நல்ல தண்ணீரால் கழுவினால் எரிச்சல் கூடும். மணல் போட்டுத் தேய்க்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, கண்டிப்பாக வேண்டாம். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

குடித்துவிட்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. குடும்பச் சுற்றுலா என்றாலும் சித்தப்பா, மாமா யாராவது ஒருவர் ஒளித்துக் கொண்டுவருவார். கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

---

அணை மீன்கடை (கே.ஆர்.பி. அணை)

மீன் பற்றிப் பேச்சு வந்ததால் நான். எங்களுக்குப் பொரிப்பதுதான் தொழில்.

படகில் பொரித்துத் தருவோம் என்று சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். ஒரு பக்கம் பெட்ரோல் கேன், ஒரு பக்கம் கேஸ் அடுப்பு, நடுவில் ஆடுகிற எண்ணெய்ச் சட்டி. கரையில் உட்கார்ந்து பொரிக்கிற எங்களுக்கே கையெல்லாம் சூட்டுத் தழும்பு. கரையில் பொரித்து, பேப்பர் விரித்த எவர்சில்வர் தூக்கில், மூடியை லேசாகத் திறந்து வைத்துக் கொண்டுபோங்கள். இறுக மூடினால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழியாமல் தெளிவாக இருக்க வேண்டும். வயிற்றை அமுக்கினால் பள்ளம் நிற்கக் கூடாது. இறாலில் தலை தொங்கினாலோ கறுத்தாலோ விடுங்கள்.

பிள்ளைகளுக்கு வஞ்சிரம் வாங்குங்கள். நம்ம அணைக் கட்லா, ரோகுவில் சதைக்குள் கிளை பிரிந்த முள் இருக்கும், பார்த்துப் பார்த்து எடுத்துத் தர வேண்டும். வஞ்சிரத் துண்டில் நடு முள்ளோடு சரி. நெத்திலியை அப்படியே மெல்லலாம். கணவாய் – புதுச்சேரிப் பக்கம் கடம்பா என்பார்கள் – வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, கொஞ்சம் அரிசி மாவு போட்டுப் பிசறி, நல்ல சூட்டில் இரண்டே நிமிஷம். அதற்கு மேல் விட்டால் ரப்பர். மசாலாவில் உப்பைக் குறையுங்கள், கடல் காற்றில் தாகம் அதிகம்.

படகுக்கு மீன் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நிப்பட்டு, கடலை உருண்டை, ஆரஞ்சு, தண்ணீர் கொண்டுபோங்கள். இறங்கிய பிறகு சுடச்சுட உட்கார்ந்து சாப்பிடுங்கள். வறுவல் சட்டியில் இருந்து தட்டுக்கு வந்து ஐந்து நிமிஷத்தில் வாய்க்குப் போக வேண்டும், அப்போதுதான் அது வறுவல்.

---

சிப்காட் பையன்

ஏணி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் படகில் ஏணி இருந்தது, கயிறும் விட்டிருந்தார்கள், அதனால்தான் சுலபமாக இருந்தது போல. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் தனிப் படகு எதற்கு? கூட்டத்தோடு டிக்கெட் வாங்கிப் போகலாமே?

---

தாழங்குடா

நல்ல கேள்வி. முழுப் படகு எடுப்பதில் லாபம் இருக்கிறது. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் பாதியில் திருப்பச் சொல்லலாம். பாட்டுச் சத்தம் வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லலாம். ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் நின்று பார்க்கலாம். கூட்டத்தோடு போனால் இது எதுவும் நடக்காது.

புதுச்சேரியில் கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகு குழாம் இருக்கிறது, அரசு சுற்றுலாக் கழகத்துடையது. அங்கே போய் முழுப் படகாகக் கேட்டுப் பாருங்கள். ஆறு அமைதியாகப் போகும், இரண்டு பக்கமும் தென்னை. முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். அங்கே கால் நனைப்பதோடு சரி, குளிக்க வேண்டாம். ஈடன் கடற்கரை பக்கத்தில்தான், டீச்சர் சொன்ன மாதிரி குளியலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் போல. சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. துடுப்புப் படகில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே, கிளை தலையில் இடிக்கிற அளவு குறுகின வாய்க்காலில் போவார்கள். ஆட்டமே இருக்காது. வயதானவர்களுக்கு அதைவிட நல்ல படகுப் பயணம் எனக்குத் தெரியவில்லை.

---

பென்னாகரம் பரிசல்

பிச்சாவரம் நல்ல யோசனை. அப்புறம், லைஃப் ஜாக்கெட் அளவு பார்த்துப் போடுங்கள். பிள்ளைக்குப் போட்ட பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதைத் தாண்டி மேலே வந்தால் அது பெரிய அளவு. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவிவிடும். கால்களுக்கு நடுவே மாட்டும் கீழ் வார் இல்லாத ஜாக்கெட் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

முடிந்தால் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இங்கே கூட்டிவாருங்கள் அண்ணா. மாமாவின் பரிசலில் ஜாக்கெட்டைப் போட்டு உட்காரவும், ஆடாமல் ஏறி இறங்கவும் பழகட்டும்.

---

மாந்தோப்பு

எல்லோருக்கும் பதில். நேற்று மச்சானும் நானும் சேர்ந்து ஏஜென்டிடம் பேசினோம், ஸ்பீக்கரில் போட்டு. எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டதற்கு ‘14 பேர் தாராளமாகப் போகலாம் சார், 20 பேர் வரைக்கும் ஏற்றியிருக்கிறோம்’ என்றார். உரிமம் கேட்டதற்கு ‘போலீஸ் எல்லாம் நம்ம ஆளுங்கதான்’. லைஃப் ஜாக்கெட்? ‘இருக்கு சார், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்’. ஏணி கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ‘பையன்கள் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள்’ என்றார். காற்று அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘முன்பணம் திருப்பித் தர மாட்டோம் சார், எப்படியும் கூட்டிப்போய்விடுவோம்’. மச்சான் அதோடு போனை வைத்துவிட்டார். அந்த ஒரு பதிலே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போதைய ஏற்பாடு: வியாழன் இரவு கிளம்பி வெள்ளி விடியலில் தாழங்குடா. அம்மா ஆறு கடலில் சேருவதைக் கரையில் இருந்தே பார்க்கட்டும். அங்கிருந்து புதுச்சேரி, தங்கல். சனி காலையிலேயே ஈடனில் குளியல், பிறகு சுண்ணாம்பாற்றில் படகு, மதியம் மீன் சாப்பாடு. வார நாள் வேண்டும் என்றால் வெள்ளியும் சனியும் மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிறு பிச்சாவரம் போய்விட்டு ஊர் திரும்பல். சரியாக வருமா?

---

ஊத்தங்கரை டீச்சர்

குளியலை வெள்ளிக்கே மாற்றுங்கள். சனிக்கிழமை புதுச்சேரியில் கால் வைக்க இடம் இருக்காது.

---

தாழங்குடா

டீச்சர் சொன்னபடி செய்யுங்கள். ஆனால் குளியலை முடித்துவிட்டு மாலையில் எங்கள் ஊருக்கு வாருங்கள், தூரம் அதிகமில்லை. சாயங்காலம் மேற்கே வெயில் சாயும்போது ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேருகிற இடத்தில் நிறம் பிரிந்து தெரியும், அம்மாவுக்குக் காட்டலாம்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன், முகத்துவாரத்தில் யாரும் இறங்கக் கூடாது. பார்க்க முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும். அடியில் மணல் நிலையாக இருக்காது, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் திட்டு இடம் மாறும். 2024 ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்தத் தண்ணீர் சாத்தனூர் வழியாக எங்கள் பக்கம்தான் வந்தது. கரையெல்லாம் அரித்துப் போட்டுவிட்டது. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாத இடம் அது. கடல் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு வெளியே போகும், நல்ல நீச்சல்காரனையும் கொண்டுபோய்விடும்.

கிளம்பும் முன்தினம் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள், மீனவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். போனில் இரண்டு எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

பிப்ரவரியில் மீன் நன்றாகக் கிடைக்கும். தடைக்காலம் ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. அத்தை ஊரில்தான் இருக்கிறார், சொல்லிவைக்கிறேன். சங்கராக் குழம்பும் கிழங்கான் வறுவலும் செய்து வைப்பார். 14 பேர் என்றால் அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார், மாம்பழம் காய்க்கிற காலமாக இருந்தால் ஒரு கூடை கேட்டிருப்பேன்.

---

மாந்தோப்பு

தம்பி, மாம்பழம் ஜூனில் உன் ஓசூர் ரூமுக்கே வரும். அத்தைக்கும் சேர்த்து. அம்மாவிடம் சொன்னேன், அத்தைக்குக் கொடுக்க இப்போதே எள்ளுருண்டைக்கு எள் காயவைத்துவிட்டார்.

அரூர் வண்டி அண்ணா, பௌர்ணமி பார்த்தாயிற்று, அந்த வாரம் இல்லை. உங்கள் டெம்போ டிராவலர் எத்தனை சீட்? அம்மாவுக்குக் கால் நீட்ட முன் சீட் வேண்டும்.

---

அரூர் வண்டி

17 சீட் சார். கதவுக்குப் பின்னால் ஒற்றை சீட், முன்னால் நன்றாக இடம் இருக்கும், அம்மாவுக்கு அதைப் போட்டுவிடலாம். வியாழன் இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். ஐஸ் பெட்டி என்னிடமே ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன்.